உப்புச் சாக்கில் ஒரு தோட்டம்

செடி விற்கிறவனிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் செடி வாங்க வருவதில்லை. செத்துப்போன செடிக்கு நியாயம் கேட்க வருகிறார்கள். பையிலிருந்து காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதுபோல என் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்களும் அப்படி ஒரு குச்சியோடு எங்கேயாவது போய் நின்றிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மரக்காணத்திலிருந்து கூனிமேடு போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக என் நர்சரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். அதற்கு முன் இருபது வருஷம் வளைகுடாவில், தோட்டப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றின் ஆபீசில் இருந்தேன். பேரீச்சை இத்தனை, அரளி இத்தனை என்று இங்கிலீஷில் ஆர்டர் எழுதுவது வேலை. ஒரு செடியையும் கையால் நட்டதில்லை. நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியபோது, செடியைப் பற்றித் தெரிந்தவன் என்று என்னை நானே நம்பிக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் காரில் போகிறவர்கள் வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் நின்று பார்த்து, விலை கேட்டு, போய்விட்டார்கள். அவர்களுக்கு ஏதாவது செய்யலாமே என்று, காசு செலவில்லாமல் வீட்டில் தோட்டம் போடும் யோசனைகளை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். நடந்ததெல்லாம் அதனால் நடந்தது.

பாக்கெட்டின் மேல் உள்ள படம்

யோசனை சொல்லும் ஆசையை எனக்கு உண்டாக்கியவர் கூனிமேட்டுப் பாய் ஒருவர். பாத்திரக் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருந்தார். என்னிடம் வாங்கிப் போன கொத்தமல்லி விதை பாக்கெட்டில் நாலு விதைகூட முளைக்கவில்லை. சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், ஒரு மாதம் கழித்து ஒரு கை கொத்தமல்லியோடு வந்தார். மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குத் தனியா வாங்கி, செருப்பின் அடியால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்து விதைத்தாராம். வெந்தயமும் கடுகும் அப்படித்தானாம். அஞ்சறைப் பெட்டியில் இருப்பதில் பாதி விதைதான், நாம்தான் அதைக் குழம்பில் போடுகிறோம் என்றார்.

நான் சங்கடத்தோடு பாக்கெட்டின் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. "வேணாம் தம்பி. அந்தப் படம் அவ்ளோ நல்லா இருந்திச்சி. படத்துக்குக் குடுத்ததா வச்சிக்கறேன்."

கட்டுப் போட்ட கால்

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, அஞ்சலையம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். வலது காலில் துணிக்கட்டு, அதன்மேல் பால் கவரை இழுத்துக் கட்டியிருந்தார். செடி எதையும் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்று, எது விலை குறைவு என்று கேட்டார். பேச்சுக் கொடுத்ததில் விஷயம் தெரிந்தது. உப்பளத்தில் கூலி வேலை. தை பிறந்தால் பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவது, வெயில் ஏற ஏற உப்பு வாருவது, மழை இறங்கும்வரை அதே. சர்க்கரை இருக்கிறது. ஒரு விரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இனி உப்புத் தண்ணீரில் கால் வைத்தால் காலே இருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் இல்லை. மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

அவருடைய கணக்கு எளிமையானது. மழைக்காலம் மூன்று மாதம் எப்படியும் வேலை கிடையாது. அதற்குள் வீட்டைச் சுற்றிக் கீரையும் காயும் போட்டு, தெருவில் விற்று, ஒரு வயிற்றுக்கு வழி செய்துகொண்டால் தை மாதம் மேஸ்திரி கூப்பிட வரும்போது வரவில்லை என்று சொல்லிவிடலாம். முந்தானை முடிச்சில் கொஞ்சம் ரூபாய் இருந்தது. அவிழ்க்க வேண்டாம் என்றேன். ரோஜாவையும் செம்பருத்தியையும் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் நிறுத்தினார். "எது வச்சா சாவாதுன்னு மட்டும் சொல்லுங்க சார். பூக்குதா காய்க்குதான்றத நான் அப்பறமா பாத்துக்கறேன்."

சும்மா கிடைத்த சாக்கு

அவர் வீடு உப்பளத்தை ஒட்டிய தெருவில். மண்ணில் எதுவும் வராது. தொட்டியோ, செடி வைக்கும் பையோ வாங்கக் காசில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. உப்பு மூட்டை கட்டும் கிடங்கில் கிழிந்த பிளாஸ்டிக் சாக்குகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அங்கே லோடு ஏற்றும் ஏழுமலையிடம் கேட்டேன். முப்பது சாக்கு சும்மா கொடுத்தார். உதறி, தூசி தட்டி, வாயை மடித்துவிட்டு, மண்ணும் சாணியும் நிரப்பினோம். என்னிடம் விற்காமல் உயரமாக வளர்ந்து நின்ற கத்தரி, தக்காளி நாற்றுகளைக் கொடுத்தேன். கீரை விதையும் கொடுத்தேன். இதைவிட மலிவாக ஒருவரும் தோட்டம் போட்டிருக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நாளில் அழைத்தார். போய்ப் பார்த்தேன். இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியதுபோல் கருகியிருந்தது. கீரை முளைக்கவே இல்லை. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சையாக இருக்கும் என்றேன். வேப்பெண்ணெய் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். நிழல் கட்டச் சொன்னேன். அஞ்சலையம்மா அந்த வெள்ளையை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு இன்னொரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் வாயில் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அதற்குள் புரிந்துவிட்டது. எத்தனையோ லோடு உப்பைச் சுமந்த சாக்கு. இழையெல்லாம் உப்பு, தையலெல்லாம் உப்பு. உங்களுக்கு இது தெரியாதா என்று அவரிடம் கேட்டேன்.

"மொத நாளே சாக்க வாயில வச்சிப் பாத்தேன் சார். கரிச்சிது. நீங்க படிச்சவரு, தெரியாமயா சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்."

ஏழுமலை கேட்டது

உங்களில் யாராவது தப்பான யோசனை சொல்லி ஒருவரின் ஒரு மாதத்தைக் கெடுத்திருந்தால், அடுத்த நாள் காலை எப்படி விடியும் என்று தெரிந்திருக்கும். இதே சாக்கு யோசனையை இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லியிருந்தேன். அவர்கள் வீடு தேடிப் போய், மண்ணைக் கொட்டிவிடச் சொல்லிவிட்டு வந்தேன். கடைசியாகக் கிடங்குக்குப் போனேன். ஏழுமலை லாரி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்க தோட்டத்துக்குன்னு சொன்னப்போ, வேலி மறைக்கத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன் சார். உப்பு மூட்டைல உப்பு இருக்குமான்னு எங்கள்ல ஒர்த்தன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நாக்கின் அளவு

ஐப்பசி மழை இறங்கிவிட்டது. அஞ்சலையம்மா சாக்குகளைத் தூக்கிப் போடவில்லை. மண்ணைக் கொட்டிவிட்டு, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு பழைய டிரம்மை வைத்து, சாக்குகளை அதில் ஊறப்போட்டார். ஊறிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி மழைத் தண்ணீர். உப்பளத்தில் அவர்கள் வேலையே அதுதானே; எந்தப் பாத்தித் தண்ணீர் உப்பாக மாற இன்னும் எத்தனை நாள் ஆகும் என்பதைப் பார்வையிலும் நாக்கிலும் சொல்லிவிடுவார்கள். அங்கே உப்பு ஏறுவதற்குக் காத்திருந்த நாக்கு, இங்கே இறங்குவதற்குக் காத்திருந்தது.

மூன்றாவது தண்ணீரை எனக்கும் கொடுத்தார். வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது. போதும், மண்ணைப் போடலாம் என்றேன். அவர் டிரம்மைச் சாய்த்துக் கொட்டினார்.

"டீ குடிச்சிக் குடிச்சி உங்க நாக்கு மரத்துப் பூடுச்சி சார். இன்னும் ரெண்டு தண்ணி ஊத்தணும்."

சமையலுக்குப் பிறகு மிஞ்சிய தண்டு

இந்த முறை நான் விதை கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சந்தையில் இரண்டு கட்டுப் பொன்னாங்கண்ணி வாங்கினார். இலையை ஆய்ந்து சமைத்தார். தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட்டார். புதினாவும் அப்படியே. பாய் வீட்டு வேலியிலிருந்து பசலைக் கொடியில் நாலு துண்டு வந்தது. ஆக, தோட்டத்துக்கான செலவு ஒரு வேளைக் குழம்போடு முடிந்துவிட்டது. மனசு கேட்காமல் நான் ஒரு தட்டு கத்தரி நாற்றும் கொண்டுபோய் வைத்தேன். மழை விட்ட நாட்களில் அவர் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டியிருந்தது. அது லேசாகச் சவர்ப்பு. என் நாற்றுகள் ஒரே வாரத்தில் தலை சாய்ந்தன. தண்டுகள் எல்லாம் துளிர்த்துவிட்டன.

என் நாற்றுகள் ஆந்திராவிலிருந்து லாரியில் வருகிறவை. ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவை. இவற்றை நான் எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன். செத்ததும், நீங்கள் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள், குறைவாக ஊற்றிவிட்டீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அஞ்சலையம்மா என் மேல் பழி போடவில்லை. வாடிய நாற்றைப் பிடுங்கிக்கொண்டே பொதுவாகச் சொன்னார். "அது நல்ல தண்ணி குடிச்சி வளந்த புள்ள சார். இங்க வந்து என்னா பண்ணும்? இந்தத் தண்ணியிலயே கண்ண முழிச்சதுதான் நிக்கும்."

மூன்று சாக்கு

கார்த்திகையில் கீரை அறுப்புக்கு வந்துவிட்டது. தெருவில் விற்றது போக மீதியை என் கடை வாசலில் வைத்து விற்கச் சொன்னேன். அழகுக்காக, தழைத்த சாக்குகளில் மூன்றையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கார் ஒன்று நின்றது. இறங்கிய அம்மாள் என் செடிகளைத் தாண்டி நேராகச் சாக்குகளிடம் போனார். பால்கனிக்கு ரொம்ப இயற்கையாக இருக்கும் என்று மூன்றையும் சாக்கோடு கேட்டார். அவர் சொன்ன தொகை, அஞ்சலையம்மாவுக்கு உப்பளத்தில் நாலு நாள் கூலி. கொடுத்துவிடுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன்.

அஞ்சலையம்மா சாக்குகளைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். அந்த மூன்றும்தான் நன்றாக வேர் பிடித்தவை. மற்றதற்கெல்லாம் தண்டு ஒடிப்பது அவற்றில்தான். "ஒண்ணு எடுத்துக்கோங்கம்மா. மூணயும் குடுத்துட்டேன்னா தை மாசம் நான் பாத்தியிலதான் போயி நிக்கணும்."

தெருவுக்குள் வந்த தண்ணீர்

புயல் வரும் என்று டிவியில் சொன்ன அன்று காலை, மீதி இரண்டு சாக்கையும் அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தண்ணீர் உள்ளே வந்தால் சாக்குகளை விட்டுவிட்டு மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள், செடி மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு தரம் சொன்னேன். சரி என்றார். மத்தியானம் கழுவெளி ஏரி நிறைந்து, உப்பளப் பாத்திகளெல்லாம் உடைந்து, அந்தத் தண்ணீர் தெருவுக்குள் ஏறியது. முழங்கால் ஆழம். கடலும் மழையும் சேற்றோடு கலந்த தண்ணீர். செடிகளைத் தரையில் நட்டிருந்தால் போயிருக்கும். சாக்கு என்பதால் தூக்கலாம். அந்த யோசனையையும் நான்தான் ஒரு நாள் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

அவர் தூக்கினார். இருபத்தொன்பது சாக்கையும், ஈர மண்ணோடு, ஒவ்வொன்றாக, பக்கத்து வீட்டு மாடிப்படிகளில் ஏற்றினார். மாலையில் நான் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டு முழுக்கப் பச்சையாக இருந்தது. ஒரு இலைகூட கசங்கவில்லை. அஞ்சலையம்மாவை ஏற்கெனவே ஆட்டோவில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கட்டு அவிழ்ந்து எங்கோ போயிருந்ததாம். படியின் கீழ் ஈரத்தோடு நின்றிருந்த ஏழுமலை என்னைப் பார்த்துச் சொன்னார். "கத்தினேன் சார், கேக்கல. கால ஏன்டி தண்ணில வக்கிறேன்னா, 'கால் போனா ஒரு கால், இது போனா ரெண்டு காலும் உப்பளத்துக்குத்தான'ன்னிச்சி."

இரண்டு மொழி

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் வடக்கத்திப் பெண். தமிழ் வராது. என்னிடம் இங்கிலீஷில் பேசினார். அதை நான் தமிழில் அஞ்சலையம்மாவுக்குச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து இரண்டு மொழியும் படித்தவன். இருபது வருஷம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பிழைத்தவன். டாக்டர் சொன்னது நாலே வாக்கியம். பழைய புண்ணின் தொற்று எலும்புக்குப் போய்விட்டது. காத்திருந்தால் பாதம் முழுவதும் போகும். இன்றைக்கே விரல்களை எடுக்க வேண்டும். கையெழுத்து வேண்டும். நான் கட்டிலருகே போய் நின்று, மழையைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தேன். சாக்கெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றேன். மகள் திண்டிவனத்திலிருந்து கிளம்பிவிட்டாள் என்றேன். டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். தப்பான யோசனை எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் வாய் தடுமாறியதில்லை. சரியான ஒன்றைச் சொல்ல வேண்டிய அன்றைக்கு ஒரு மொழியும் கைகொடுக்கவில்லை.

அஞ்சலையம்மா என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். "எத்தினி விரலுன்னு மட்டும் சொல்லுங்க சார். மீதிய நான் பாத்துக்கறேன்."

தை மாதம்

மூன்று விரல். கட்டைவிரல் தப்பியது, அதனால் கம்பை ஊன்றி நடக்க முடிகிறது. அவர் மகள் வீட்டில் இருந்த மூன்று வாரமும் நானும் பாயும் முறை வைத்துப் போய்த் தண்ணீர் ஊற்றினோம். புயலில் சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் உப்பேறிக் கருகிப்போயிருந்தது. அவர் திரும்பி வந்ததும் ஒவ்வொரு வீடாக வந்து தண்டு கேட்டார்கள். தண்டாகக் கொடுக்காமல், பால் கவரில் மண் போட்டு, அவர் வீட்டு போர் தண்ணீரிலேயே வேர்பிடிக்க வைத்து, கவர் பத்து ரூபாய்க்குக் கொடுத்தார். வைத்தவர்கள் வீட்டிலெல்லாம் நின்றது. கீரைக் கட்டில் வந்ததைவிட இதில் அதிகம் வந்தது. உப்பளக் கூலி அளவுக்கு வரவில்லை. அரிசிக்கும் மாத்திரைக்கும் வந்தது.

பொங்கல் கழிந்த வாரம் நான் அங்கே இருந்தபோதுதான் மேஸ்திரி வந்தார். நல்ல மனிதர். காலைப் பார்த்தார். பாத்தி மிதிக்க வேண்டாம், கிடங்கில் உட்கார்ந்தபடி மூட்டை வாய் தைத்தால் போதும், கூலியில் குறைக்க மாட்டேன் என்றார். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. யோசனை சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளையாக மூடிக்கொண்டேன். அஞ்சலையம்மா கவர்களுக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை.

"நீ நல்லதுக்குத்தான் சொல்ற மேஸ்திரி. ஆனா இதுங்க நாப்பதும் இப்பத்தான் வேர் வுடுது, நான் எங்கயும் வர்றதா இல்ல. உன் வூட்டுக்கு ரெண்டு எடுத்துனு போ, காசு வேணாம்."

இப்போது என் கடைக்கு வந்து செடி விலை ஜாஸ்தி என்று முகம் சுளிக்கிறவர்களிடம் நான் யோசனை எதுவும் சொல்வதில்லை, உப்பளத்துத் தெருவில் மூன்றாவது வீடு என்று கையை மட்டும் காட்டுகிறேன். வியாபாரம் படுத்துவிட்டது, ஆனால் செத்த செடிக்கு நியாயம் கேட்டும் இப்போது ஒருவரும் வருவதில்லை.